சாம்பலிலிருந்து எழுந்து வந்த ஆணிகள்

போன வெள்ளிக்கிழமை காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு பசு மாட்டின் நெஞ்சருகே திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிரிக்காதீர்கள். காலமெல்லாம் பாங்கில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்று, வாரா வாரம் உங்களோடு இந்தப் பக்கத்தில் வம்பளந்துகொண்டிருக்கும் ஒருத்திக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். அப்புறம் அந்த முள் திரும்பியது. அதற்குப் பிறகு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

சரசு என் கல்லூரித் தோழி. கோயமுத்தூர் ஹாஸ்டலில் ஒரே அறை. கல்யாணமாகி நான் பாலக்காட்டு டவுனுக்கு வந்தேன். அவள் வடகரப்பதிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாகப் போனாள். கணவர் இப்போது இல்லை. மகன் பிரபுவுக்குக் கோவையில் பம்பு கம்பெனியில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். வீட்டில் சரசுவும் மருமகள் கோகிலாவும்தான். கோகிலா பி.எஸ்சி. படித்த பெண். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்வாள்.

புதன்கிழமை சரசுவிடமிருந்து போன்.

"ராஜி, ஒரு எட்டு வந்துட்டுப் போ புள்ள. ஊட்ல என்னமோ செரியில்ல."

"என்னடி ஆச்சு?"

"போன்ல சொல்ற விசியம் இல்ல. வா."

சரசு பயந்து நான் பார்த்ததில்லை. ஹாஸ்டல் பாத்ரூமில் பாம்பு வந்தபோது வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டவள் அவள். அவள் குரல் அப்படி இறங்கிக் கேட்டதும் மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆடி மாதத்தில் அது ஊதுவதில்லை, தள்ளும். பனைமரங்களின் காய்ந்த மட்டைகள் பகல் முழுக்க சடசடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி சரசுவின் தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. வேலி ஓரம் வெளிச்சம் அதிகமாக இருந்தது. அங்கே ஒரு பெரிய புளியமரம் நிற்கும். இப்போது இல்லை. அடிமரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதன் உடம்பெல்லாம் ஆணி. முதல் தடவை பார்த்தபோது ஏதோ விளம்பரத் தட்டி மாட்ட அடித்தது என்று நினைத்தேன். சரசுதான் சொன்னாள். யாராவது ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றால், கோடாங்கி உடுக்கையோடு வருவார். ஆடவிடுவார், கேள்வி கேட்பார். கடைசியில் அவள் உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடித்து மரத்தோடு வைத்து ஆணி அடிப்பார். முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும். பெண் வீட்டுக்குப் போய்ச் சமைப்பாள்.

இந்த ஆடிக் காற்றில் அந்த மரம் விழுந்துவிட்டது. மர மில்லிலிருந்து ஆள் வந்து பார்த்தார். இத்தனை ஆணி இருந்தால் ரம்பப் பட்டை தெறித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் ஒருவர்கூட ஒரு சுள்ளியைத் தொடவில்லை. சரசு தொட்டாள். ஆள் வைத்துக் கோடாலியால் பிளந்து, கொல்லையில் தண்ணீர் காய்ச்சும் அடுப்புக்கு அதையே எரித்தாள். சாம்பலை அள்ளிக் கட்டுத்தறியில், தீனி போடுகிற இடம் வரைக்கும் கொட்டினாள் – மாட்டுக்கு ஈரமில்லாமல் இருக்குமாம். நல்ல சிக்கனக்காரி என்று நான்கூட மெச்சியிருப்பேன்.

பிறகு செவலை தீனியை நிறுத்திவிட்டது.

செவலை அந்த வீட்டுப் பசு. சொசைட்டிக்குப் போகும் பால் முழுக்க அதனுடையதுதான். நான் போய்ப் பார்த்தபோது முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளியே தள்ளி, ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. மூச்சு விடும்போதெல்லாம் முனகியது. மாடு முனகி நான் கேட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வலியை அடக்கிக்கொண்டு ஒரு பெண் பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்றே சொல்வீர்கள். 

"கேட்டியா?" என்றாள் சரசு. "இது மாட்டுச் சத்தமா புள்ள?"

"வயிறு சரியில்லாமல் இருக்கும்டி. டாக்டரைக் கூப்பிட்டியா?"

"டாக்டர் என்ன பண்ணுவாரு? பேயைக் கட்டி வெச்ச மரத்தையே எரிச்சுப்போட்டன். அது எங்க போகும்? எவகிட்ட இருந்துச்சோ அவகிட்டத்தானே திரும்பி வரும்?" கொல்லைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "இவ சாணி அள்ள உள்ள வந்த அன்னிக்குத்தான் செவலை வாயை மூடுச்சு. இவளைக் கண்டாக் கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்குது. மத்த யாரையும் பாக்கறதில்ல."

கொல்லைப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கோகிலா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றிலேயே ஒரு குழந்தை போய்விட்டது. அதன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். உச்சி வெயிலில் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். குழந்தையைப் பறிகொடுத்தவள் வேறு எப்படி இருப்பாள்? ஆனால் கோடாங்கி வந்தார். முடியைப் பிடித்து மரத்தைச் சுற்றி இழுத்தார்கள், மிளகாய்ப் புகை போட்டார்கள், பிரம்பு இருந்தது. கடைசியில் ஒரு ஆணி. மறுநாளே பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சரசு அப்போது என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு யார்தான் பேச மாட்டார்கள்?

இப்போது கோகிலாவுக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம். கோடாங்கிக்கு மறுபடியும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை உச்சிக்கு வருகிறாராம்.

"உனக்குப் பைத்தியமா சரசு? வயித்துல குழந்தையோட அவளைப் போட்டு இழுக்கப் போறீங்களா?"

"ஒரு பூசைதான் புள்ள. மெதுவாத்தான் பண்ணுவாரு."

"பிரபு என்ன சொல்றான்?"

"அம்மா சொல்றபடி செய்யுன்னு அவகிட்டச் சொல்லிட்டான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பையனை போனில் கூப்பிட்டேன். "ஒரு பூசைதானுங்களே ஆன்ட்டி, அம்மாவுக்கு ஒரு திருப்தி" என்றான். பம்பு கம்பெனியில் இன்ஜினீயர். போனை வைத்துவிட்டேன்.

கை கழுவப் போவதுபோல் கொல்லைக்குப் போனேன். கோகிலா தலை நிமிராமலே சொன்னாள். "மிருகாசுபத்திரிக்கு நான்தானுங்க போன் பண்ணிருக்கறன் ஆன்ட்டி. அத்தைக்குத் தெரியாது. டாக்டரம்மா வந்தா நீங்க வரச் சொன்னீங்கன்னு சொல்லிருங்க."

"நீ எப்படி இருக்கே?"

"செவலைக்கு நல்லாயிருச்சுன்னா எனக்கும் நல்லாயிருமுங்க."

அவ்வளவுதான் பேசினாள். அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. மாடு பிழைத்தால் அவள் தப்பினாள். மாடு செத்தால்... அந்தச் சாவும் அவள் தலையில்தான்.

மதியம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் டாக்டர் ஷீபா. முப்பது சொச்சம் வயது, மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. நான்தான் வரச் சொன்னேன் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். சரசு முறைத்தாள், விருந்தாளி ஆயிற்றே என்று விட்டுவிட்டாள்.

டாக்டர் ஒரு மூங்கில் கழியைக் கேட்டு வாங்கினார். இந்தப் பக்கம் சரசுவும் அந்தப் பக்கம் நானும் பிடித்துக்கொள்ள, மாட்டின் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து மெல்ல மேலே தூக்கச் சொன்னார். தூக்கினோம். செவலை அலறியது. முனகல் இல்லை, அலறல். சரசு கழியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படண்ட சேச்சி," என்றார் டாக்டர். "ஏதோ இரும்பு முழுங்கியிருக்கு. ஆணியோ கம்பியோ. மாடு நம்மளப் போலச் சவைச்சு நோக்கித் தின்னாது. அப்படியே உள்ளே விடும். அது முன் வயித்துல போய் நிக்கும். வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில சின்னத் தோல்தான். ஆணி குத்திக் குத்தி நெஞ்சுக்குப் போனா... பிறகு ஒண்ணும் செய்ய முடியாது."

"ஆணியா?" என்றாள் சரசு. 

டாக்டர் முதலில் ஒரு திசைகாட்டியை எடுத்து மாட்டின் நெஞ்சருகே காட்டினார் – பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சின்னது. முள் அசையவில்லை. ஏற்கெனவே காந்தம் போட்ட மாடு இல்லை என்று தெரிந்துகொள்வதற்காம். பிறகு பையிலிருந்து விரல் நீளத்துக்கு, முனை மழுங்கிய ஒரு காந்தத்தை எடுத்தார். மாட்டின் வாயைத் திறந்து ஒரு குழாய் வழியாகத் தொண்டைக்குள் தள்ளினார். அது வயிற்றுக்குள் போய் உட்கார்ந்து, குத்திக்கொண்டிருக்கும் இரும்பைப் பிடித்து இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளுமாம். எவ்வளவு நாளைக்கு? "ஆயுசுக்கும்," என்றார் டாக்டர் சாதாரணமாக. ஒரு ஊசியும் போட்டார். முன்னங்கால் மேட்டில் நிற்கிறபடி மண் கொட்டி வையுங்கள் என்றார்.

அப்புறம்தான் தரையைப் பார்த்தார்.

"இந்தச் சாம்பல் எவிட நின்னு? எங்கிருந்து வந்தது?"

 கோகிலா கொல்லை வாசலிலிருந்தே அடிமரத்தை நோக்கிக் கையைக் காட்டினாள்.

டாக்டர் இன்னொரு காந்தத்தை எடுத்து நூலில் கட்டினார். சாம்பலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்ல இறக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இறக்கினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம்...

சாம்பல் அசைந்தது.

ஒரு ஆணி எழுந்து நின்றது. யாரும் தொடவில்லை. படுத்துக் கிடந்தது, சாம்பலை உதறிக்கொண்டு தலை தூக்கி நின்றது. ஒரு நொடி யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே இன்னொன்று. காந்தத்தை நகர்த்த நகர்த்த, போகிற இடத்திலெல்லாம் சாம்பலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. துருப்பிடித்தவை, வளைந்தவை, முனை கூரானவை. ஆணியின் வாலில் ஆணி தொங்கியது. வெளியே பனைமட்டைகளின் சத்தம். 

வேலிக்கு அந்தப் பக்கம் பசும்புல் அறுத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து ருக்குமணி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அய்யோ... ஒண்ணு எங்க சின்னம்மாளுதா இருக்கும்ங்க. ஒண்ணு மேக்கால ஊட்டுப் பொண்ணுது. தூக்குல தொங்குச்சே, அந்தப் பொண்ணு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை ஆணியிலும் ஒன்றுகூட ஆம்பளையின் தலைக்கு அடித்தது இல்லை. ஆம்பளைகளுக்குப் பேயே பிடிக்காதா இந்த ஊரில்? குடித்துவிட்டு நடுரோட்டில் ஆடினால் அது பேய் இல்லை. பெண் நாலு நாள் பேசாமல் இருந்தால் அது பேய்.

டாக்டர் கை கழுவும்போது கேட்டேன். "அந்த ஆணி நெருப்புல வெந்து, சாம்பல்ல புதைஞ்சு கிடந்தது. எப்படி எழுந்து வருது?"

"இரும்புக்குள்ள கோடிக்கணக்கில குட்டிக் குட்டிக் காந்தம் உண்டு சேச்சி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழி நோக்கிக் கிடக்கும். அதனால வெளியில ஒண்ணும் தெரியாது. பெரிய காந்தம் பக்கத்தில வரும்போ எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். ஆணியே ஒரு காந்தம் ஆயிடும். பிறகு இழுக்காம இருக்குமா? தூரத்தில நின்னா ஒண்ணுமில்ல. அடுத்து வந்தா... டக்!"

நான் சரசுவையும் ருக்குமணியையும் பார்த்தேன். ஒருத்திக்கு மாட்டுக் கவலை, இன்னொருத்திக்கு செத்துப்போன பெண்ணின் ஞாபகம், டவுனில் இருக்கிற மகனுக்கு அம்மாவைச் சமாதானப்படுத்தும் அவசரம். ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடந்தவர்கள்தான். பயம் என்று ஒன்று பக்கத்தில் வந்ததும் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பிவிட்டார்கள். கோகிலா பக்கம்.

டாக்டருக்கு மறுநாள் ஆனைகட்டிப் பக்கம் கேம்ப்பாம். திசைகாட்டியை என் கையில் கொடுத்தார். "காலையில நெஞ்சுக்குப் பக்கத்தில வச்சு நோக்கணும். முள் திரும்பினா காந்தம் சரியான இடத்தில இருக்கு. இல்லெங்கில் எனக்கு போன் விளிக்கணும்."

இப்படித்தான் வெள்ளிக்கிழமை காலையில் நான் செவலையின் முன்னால் போய் நின்றேன். வெயில் ஏறியிருந்தது. செவலை ராத்திரி கொஞ்சம் தண்ணீர் குடித்திருந்தது, முனகல் குறைந்திருந்தது. திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து அதன் முன்னங்கால் மடிப்புக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

முள் நடுங்கியது. பிறகு மெல்லத் திரும்பி மாட்டைப் பார்த்து நின்றது.

கையை எடுத்தேன். அது தன் பழைய திசைக்குப் போனது. மறுபடி கொண்டுபோனேன். மறுபடி திரும்பியது. உள்ளே என்ன இருக்கிறது, ஏன் திரும்புகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன் – உயிருள்ள ஒரு உடம்புக்குள்ளே இருந்து எதுவோ ஒன்று கண்ணாடிக்குள் இருக்கும் முள்ளைத் தொடாமலே திருப்புகிறது. 

"திரும்புது," என்றேன். சந்தோஷமாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

எனக்குப் பின்னால் சரசு நின்றிருந்தது தெரியாது. கையை நீட்டித் திசைகாட்டியை என்னிடமிருந்து வாங்கினாள். பிடுங்கினாள் என்பதுதான் சரி.

"அப்ப இது காட்டிக் குடுக்குது," என்றாள். "உள்ள இருக்கறதைக் காட்டிக் குடுக்குது."

"சரசு, அது காந்தம்டி. டாக்டர் போட்ட காந்தம்."

அவள் கேட்கவில்லை. நேரே கொல்லை வாசலுக்கு நடந்தாள். கோகிலா எழுந்து நின்றாள். ஒரு கை தானாக வயிற்றின்மேல் போனது. சரசு திசைகாட்டியைக் கையை எட்ட நீட்டி, அவள் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோனாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. புடவையைத் தொடும் தூரத்துக்குக் கொண்டுபோனாள்.

முள் திரும்பியது.

மாட்டைப் பார்த்துத் திரும்பிய அதே மாதிரி, ஒரு நடுக்கம், அப்புறம் மெல்ல... அவளைப் பார்த்து நின்றது.

உங்களிடம் மறைப்பானேன்? நானே ஒரு அடி பின்னால் வைத்தேன்.  இந்தப் பெண்ணுக்குள் யாரும் காந்தம் போடவில்லையே? என்னைவிடக் கலங்கிப்போனவள் கோகிலா. அவள் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எனக்கும் அப்பிடித்தானுங்க அத்தை இருக்குது," என்றாள் மெதுவாக. "ரெண்டு நாளா எனக்குள்ள என்னமோ இருக்கறாப்பலயேதானுங்க இருக்குது. கோடாங்கியை வரச் சொல்லுங்க. கொழந்தைக்கு மட்டும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கச் சொல்லுங்க."

பயத்தில் மோசமான பயம் எது தெரியுமா? ஊர் நம்மைப் பார்த்துப் பயப்படுவது இல்லை. ஊர் சொல்வது சரிதானோ என்று நமக்கே தோன்றிவிடுவதுதான்.

இதைக் கேட்டதும் எனக்குக் கால் முன்னே வந்தது. போய் சரசுவின் மணிக்கட்டைப் பிடித்தேன். "குடு இதை. போதும்." அவள் விடவில்லை. நான் இழுக்க, அவள் தன் பக்கம் இழுக்க, திசைகாட்டி அவள் இடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

முள் விருட்டென்று திரும்பியது. கோகிலாவிடம் காட்டிய தயக்கம்கூட இல்லை. சுழன்று வந்து சரசுவைப் பார்த்துக் குத்திட்டு நின்றது.

சரசு கையை உதறவில்லை. கத்தவில்லை. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் புள்ள," என்றாள். "எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"பிரபுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தங்காமப் போச்சு. அப்ப எனக்கும் அந்த மரத்துலதான் அடிச்சாங்க. எங்க மாமியாதான் முடியப் புடிச்சுக் குடுத்தாங்க. நேத்து சாம்பல்ல இருந்து மொத ஆணி எந்திரிச்சுதே... எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. எது எவளுதுன்னு எப்பிடித் தெரியும்? இவளுதா? என்னுதா? மரத்தை எரிச்சதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல புள்ள. அது யாருகிட்ட வரும், யாருகிட்ட வரும்னு..."

அத்தனை வருஷ சிநேகிதம். ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். இதை அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தன்மேல் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இன்னொருத்தியைக் கைகாட்டிவிட்டு நின்றிருக்கிறாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுக்கக் கையைக் கொண்டுபோனேன். உச்சியில் தொட மனம் வராமல் தோளில் வைத்தேன்.

அப்போது கோகிலா வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார் முன்னால் மெல்ல உட்கார்ந்தாள்.

"அத்தை, சாவியைக் குடுங்க."

"என்னது?"

"இடுப்புல இருக்கற சாவிக்கொத்துங்க. குடுங்க."

சரசுவின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து உண்டு. பீரோ, மச்சு, மோட்டார் ரூம், பழைய பெட்டி – ஒவ்வொரு இரும்புச் சாவியும் சுண்டுவிரல் தடிமன். குளிக்கும்போது தவிர அது அவள் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. கோகிலா அதை உருவி வாசலுக்கு வெளியே திண்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். திசைகாட்டியை மாமியாரின் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முள் அசையவில்லை.

பிறகு தன் தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். அதில் ஒரு கொத்து ஊக்கு தொங்கியது. நம்மில் எத்தனை பேர் தாலிக்கொடியில் அது தொங்கவில்லை, சொல்லுங்கள்? அவசரத்துக்கு உதவுமே என்று மாட்டுகிறோம், அப்புறம் அது அங்கே இருப்பதையே மறந்துவிடுகிறோம். தங்கத்தைக் காந்தம் சீண்டாது. ஊக்கை விடாது. ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டாள். திசைகாட்டியைத் தன் நெஞ்சருகே கொண்டுபோனாள். முள் அவளைச் சட்டை செய்யவே இல்லை.

"ஊக்குங்க அத்தை," என்றாள். "உங்களுக்குச் சாவி, எனக்கு ஊக்கு. அவ்வளவுதானுங்க."

 சரசு முந்தானையில் முடிந்து வைத்திருந்த போனை எடுத்தாள்.

"ஏனுங்க... ஆமாங்க, வடகரப்பதியிலிருந்துதானுங்க. இன்னிக்கு வர வேண்டாமுங்க. இல்லீங்க, மாட்டுக்கு நல்லாயிருச்சுங்க." கோகிலாவைப் பார்த்தாள். "எங்க ஊட்ல அல்லாருக்கும் நல்லாயிருச்சுங்க. இனி எப்பவும் வர வேண்டாமுங்க."

போனை வைத்துவிட்டு எழுந்து போய் திண்டில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் உலகம் மாறிவிடுமா என்ன?

மாலை பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது செவலை ஒரு கைப்பிடி சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. கோகிலா அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். அவளைத் தடுக்க யாரும் இல்லை. திசைகாட்டி இன்னும் அவள் கையில் இருந்தது. நானும் என் ஊக்குகளைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன், எங்கள் இருவரிடமும் அப்போது ஊக்கு இல்லை. மாட்டிடமிருந்தும் தள்ளித்தான் நின்றோம். முள் தன்போக்கில் ஆடி அடங்கி, ஒரு பக்கம் பார்த்து நின்றது. அது காட்டிய திசையில் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

வேலி ஓரத்தில், வெளிச்சத்துக்கு நடுவே, அந்த அடிமரம்.

நான் அவசரமாகச் சொன்னேன். "அது வடக்கு, கோகிலா."

"தெரியுமுங்க ஆன்ட்டி." அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் பி.எஸ்சி. பிசிக்ஸ்தானுங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு டியூஷன்ல இதே பாடத்தை நடத்திருக்கறனுங்க. காலையில இது எம்மேல திரும்பறப்ப ஒரு வரிகூட ஞாபகம் வரலீங்க. அத்தை மேல திரும்புனப்பறம்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சு."

திசைகாட்டியை என்னிடமே கொடுத்தாள். டாக்டரிடம் சேர்த்துவிடச் சொன்னாள். "நீங்களே வச்சுக்கொள்ளூ சேச்சி" என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். செவலை இப்போது நன்றாகத் தின்கிறதாம். அதன் வயிற்றுக்குள் ஒரு காந்தம் யாருடைய ஆணியையோ இறுகப் பிடித்துக்கொண்டு, பாலும் சாணியுமாக, அந்தக் கட்டுத்தறியில் நடமாடிக்கொண்டிருக்கிறது. ஆயுசுக்கும் விடாது.

இதை எழுதும்போது திசைகாட்டி என் மேஜைமேல் இருக்கிறது. முள் ஆடாமல் சமர்த்தாக நிற்கிறது. நான் எழுத்தைச் சரிபார்க்கக் குனியும்போது மட்டும் லேசாக நடுங்கி, என் பக்கம் திரும்புகிறது. தாலிக்கொடியில் மறுபடி மாட்டிக்கொண்ட ஊக்குதான். வேறென்ன?

கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை பார்த்துவிடலாம்தான்... இன்னும் பார்க்கவில்லை.